பால் போதவில்லை என்று சொல்லும் வீடு

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால், தாயிடம் பேசுவதற்கு முன் அவளுடைய அம்மாவிடமோ மாமியாரிடமோ பேச வேண்டும் என்பது, தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. குழந்தைக்கு எப்போது தலைக்கு ஊற்றுவது, தொப்புளில் எதைத் தடவுவது, பச்சை உடம்புக்காரி எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அந்த மூத்த பெண்தான். இளம் தாய் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவாள். நான் தெருமுனையைத் தாண்டியதும் வீட்டில் நடப்பது ஆயா, அதாவது பாட்டி, சொன்னபடிதான்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பது, 2011இல் நாடு முழுவதற்கும் கொண்டுவரப்பட்ட பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் கணக்கு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து, பச்சிளங்குழந்தை இறப்பை 62 சதவீதம் குறைத்துக் காட்டிய ஆய்வு 1999இல் வெளிவந்தது. இந்தத் திட்டத்துக்கு முன்னோடி அதுதான். எடை பார்ப்பது, மூச்சை எண்ணுவது, உடல் சூட்டைக் காப்பது, ஆபத்தைக் கண்டால் உடனே அனுப்பிவைப்பது ஆகிய எளிய வேலைகளைத்தான் அந்தப் பெண்கள் வீடு வீடாகச் சென்று செய்தார்கள். எங்கள் பகுதியில், அறுவைச் சிகிச்சை நடந்த தாய் மூன்றாம் நாளில் மருத்துவமனையிலேயே இருப்பாள் என்பதால், ஏழாம் நாள் சந்திப்பே பல வீடுகளில் முதல் சந்திப்பாக அமையும்.

அந்த ஏழாம் நாளில் அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: “புள்ளைக்குப் பால் பத்தல நர்சம்மா, ராவெல்லாம் அழுவுது.” ஒரு வீட்டில் ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து, பாலாடையும் கையுமாக ஆயா உட்கார்ந்திருந்தார். 2.6 கிலோவாகப் பிறந்த குழந்தை அன்றைக்கு 2.4 கிலோ இருந்ததால், அவருடைய கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறந்த சில நாட்களில் எடை சற்றுக் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவதும் இயல்பு என்று வாயால் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. ஆகவே குழந்தையைத் தாயின் மார்பில் போடச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். குழந்தை காம்பின் நுனியை மட்டும் சப்பிக்கொண்டிருந்தது. தாயின் முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, கருவளையமும் வாய்க்குள் போகும்படி வைத்தபோது, முகவாய் மார்பில் பதிந்து, விழுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. “கேளுங்க ஆயா” என்றேன். அவர் குனிந்து காது கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தேன். பதினான்காம் நாள் தொங்கு தராசின் துணியில் குழந்தையைக் கிடத்தி, முள் எங்கே நிற்கிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன். 2.65 கிலோ. தராசைப் பதிவேட்டுக்கான கருவியாக மட்டும் நினைப்பவர்கள், அது அந்த வீட்டுப் பெரியவரின் கண்முன் செய்யும் வேலையைப் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

மூச்சு விஷயத்திலும் இதையே செய்தேன். பச்சிளங்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது. அதனால் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60க்கு மேல் போனாலோ, மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, உள்ளங்காலிலும் மஞ்சள் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைத்துவிட வேண்டும். சித்தேரி மலைப் பக்கத்து ஊர்களில் இரவில் வண்டி வந்து இறங்கும் நேரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருப்பதால், அடையாளத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் பாட்டிதான் அந்த வீட்டின் பெரிய பலம்.

இந்த நம்பிக்கை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. பெண் சிசுக்கொலைக்காகப் பேசப்பட்ட மாவட்டம் இது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும், 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் தர்மபுரிக்கும் வந்தது. பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு நாங்கள் போனால், வேவு பார்க்க வந்தவளாகவே சிலர் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தையைத் தூக்கி எடை பார்த்து, தாய் சாப்பிட்டாளா என்று விசாரித்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து எழுந்த பிறகே பேச்சு இளகியது.

எனக்கு இன்றும் ஆறாத கவலை வேறொன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு. ஆனால் கணவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்து, சமைக்க ஆளில்லை என்றால், ஒரு மாதம் முடிவதற்குள்ளேயே தாயும் சேயும் கிளம்பிவிடுவார்கள். 28, 42ஆம் நாள் சந்திப்புகள் இரண்டு ஊருக்கும் நடுவில் தொலைந்துபோகும். எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் இது சாதாரண இழப்பு அல்ல. போகிற ஊரின் செவிலியருக்குத் தொலைபேசியில் எடையையும் தடுப்பூசி விவரத்தையும் சொல்லி, புது முகவரியை வாங்கித் தருவதை நாங்கள் சிலர் வழக்கமாக்கிக்கொண்டோம். எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குப் போனவர்களுக்கு அதுவும் முடியாதபோது, அடையாளங்களைத் தெரிந்துவைத்திருக்கும் பாட்டியையும் சில வாரங்களுக்குக் கூடவே அனுப்பிவையுங்கள் என்று குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்வோம்.