ஒரே ப்ரோக்ராம், இரண்டு கணினி, இரண்டு பிழை: பித்ரெட் லிங்கர் சிக்கலைத் தீர்த்த விதம்

செங்கலடியில் அறையில் இருந்த லெப்டொப்பில் உபுண்டு 22.04. ஆய்வுகூடக் கணினியில் உபுண்டு 20.04. ஒரே சி ப்ரோக்ராம் இரண்டிலும் கொம்பைல் ஆகவில்லை, ஆனால் இரண்டும் சொன்ன பிழை வேறு. லெப்டொப் ஏற்றுக்கொண்ட இடத்தில் ஆய்வுகூடக் கணினி மறுத்தது. ஆய்வுகூடக் கணினி கண்டுகொள்ளாத இடத்தில் லெப்டொப் நின்றது. ஏன் அப்படி என்பதையும், தீர்த்த வழியையும் இங்கே எழுதுகிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழமையான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். -வாலின் முதல் எழுத்து டபிள்யூவும், எல்டிஃப்ளேக்ஸ், எல்டிலிப்ஸ், பித்ரெட்_மியூடெக்ஸ்_இனிஷியலைசர் ஆகிய பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில்.

ப்ரோக்ராம் சிறியதுதான். சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைக் களஞ்சியம் மாதிரி ஒரு மூட்டைக் கணக்கு. வரவு.சி ஒரு த்ரெட்டில் (ப்ரோக்ராமுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலை) 10 இலட்சம் தடவை ஒவ்வொன்றாகக் கூட்டும். செலவு.சி இன்னொரு த்ரெட்டில் 4 இலட்சம் தடவை கழிக்கும். மெயின்.சி இரண்டையும் தொடங்கி, முடியும்வரை காத்திருந்து, இருப்பை அச்சிடும். விடை 600000 வரவேண்டும். 'இருப்பு' என்ற மாறியும் 'பூட்டு' என்ற மியூடெக்ஸும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுவது) கணக்கு.எச் ஹெடரில் இருந்தன. த்ரெட்களையும் மியூடெக்ஸையும் தரும் லைப்ரரியின் பெயர் பித்ரெட்.

முதலில் ஆய்வுகூடக் கணினியின் பிழை. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பித்ரெட்_கிரியேட்', அதன் கீழே 'எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்'. எல்டி என்பது லிங்கர், கொம்பைல் ஆன துண்டுகளை ஒரே ப்ரோக்ராமாக இணைக்கும் கருவி. அந்தப் பெயரைக் கண்டால் கோடில் அரைப்புள்ளி தேட வேண்டாம். கொம்பைல் கட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. பித்ரெட்.எச்சை இன்க்ளூட் செய்தாயிற்றே என்று பலர் திரும்பத் திரும்ப அதையே பார்ப்பார்கள். ஹெடர் சொல்வது 'இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு' என்பதை மட்டுமே. ஃபங்ஷன் இருக்கும் லைப்ரரியைக் கொண்டுவந்து சேர்ப்பது லிங்கரின் வேலை.

லைப்ரரியும் கொடுத்திருந்தோம்: ஜிசிசி -எல்பித்ரெட் மெயின்.சி வரவு.சி செலவு.சி -ஓ கணக்கு. கொடுத்த இடம்தான் பிழை. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. லைப்ரரி முதலில் வரும்போது அதை யாரும் கேட்டிருக்கவில்லை. தேவைப்படாத லைப்ரரியைச் சேர்க்காமல் விடும் அமைப்பு உபுண்டுவில் இயல்பாகவே இருப்பதால் அதை விட்டுவிட்டு நகர்கிறது. பிறகு மெயின் வந்து கேட்கும்போது கையில் ஒன்றும் இல்லை. -எல்பித்ரெட்டைக் கடைசிக்கு மாற்றினால் சரியாகும். அதைவிட நல்லது, 'எல்' இல்லாமல் -பித்ரெட் என்று கொடுப்பது. அது கொம்பைல் கட்டத்துக்குத் தேவையான வரையறையையும் சேர்த்து, லைப்ரரியைத் தானே சரியான இடத்தில் வைக்கும்.

லெப்டொப் ஏன் இதைக் கேட்கவில்லை? லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரித் தொகுப்பான ஜிலிப்சியின் 2.34இல், அதாவது 2021 ஓகஸ்டில், பித்ரெட் லைப்ரரி முழுவதும் அதன் முக்கிய லைப்ரரியான லிப்சிக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, அங்கே ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் லிங்க் ஆகும். 20.04இல் இருப்பது 2.31. உங்கள் கணினியில் எது என்று அறிய எல்டிடி --வெர்ஷன் அடித்து முதல் வரியைப் பாருங்கள்.

பழைய ஜிலிப்சியில் இன்னொரு குழப்பமும் உண்டு. பித்ரெட்_மியூடெக்ஸ்_லொக் போன்ற சில ஃபங்ஷன்களுக்குப் பெயரளவிலான வடிவம் லிப்சியிலேயே இருந்தது. அதனால் லொக், அன்லொக் பற்றி லிங்கர் ஒன்றும் சொல்லாது. கிரியேட், ஜொய்ன் இரண்டுக்கும் மட்டும் பிழை வரும். லைப்ரரி பாதி கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது முழுதாகவே விடுபட்டிருக்கிறது.

கொம்பைல் கட்டளைகளை நமக்காக ஓட்டும் மேக் கருவியின் மேக்ஃபைலிலும் இதே இடப் பிரச்சினை வரும். எல்டிஃப்ளேக்ஸில் -எல்பித்ரெட் எழுதினால், மேக்கின் உள்ளார்ந்த விதி அதை ஒப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் வைக்கிறது. எழுத வேண்டிய இடம் எல்டிலிப்ஸ். மேக் -என் அடித்தால் எதையும் ஓட்டாமல் கட்டளையை மட்டும் காட்டும். வரிசையைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆலைக் கணக்கில் வர்க்கமூலம் போட்டால் -எல்எம்மும் கடைசியில் வேண்டும். அது 22.04இலும் தனி லைப்ரரிதான்.

இனி லெப்டொப்பின் பிழை: 'மல்டிப்பிள் டெஃபினிஷன் ஒஃப் பூட்டு'. இதற்குத்தான் அதிக நேரம் போனது, ஏனென்றால் தவறான தீர்வு மிகச் சுலபமானது.

ஹெடரில் 'பித்ரெட்_மியூடெக்ஸ்_டி பூட்டு;' என்று எழுதினால், அதை இன்க்ளூட் செய்யும் மூன்று கோப்புகளிலும் மூன்று பூட்டுகள் உருவாகும். சி கொம்பைலரான ஜிசிசியின் 9ஆம் பதிப்பு வரை, தொடக்க மதிப்புக் கொடுக்காத இப்படியான மாறிகளை லிங்கர் ஒன்றாக இணைத்துவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10இலிருந்து அந்தச் சலுகை இயல்பாகக் கிடைப்பதில்லை. 20.04இல் ஜிசிசி 9, 22.04இல் ஜிசிசி 11. அதனால்தான் இந்தப் பிழை புதிய கணினியில் மட்டும் வந்தது. -எஃப்கொமன் கொடுத்துப் பழைய நடத்தையைத் திருப்பலாம், ஆனால் பிழை கோடிலேயே இருக்கும்.

சுலபமான தவறான தீர்வு, வரியின் முன் 'ஸ்டாட்டிக்' போடுவது. லெப்டொப்பில் 'பூட்டு' பற்றிய பிழைச் செய்தி மறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தப் பூட்டு வந்துவிடுகிறது. 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்கும். இரண்டு முனையிலும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், தத்தம் கொடியைப் பார்த்து வண்டி விட்டால் என்ன ஆகும்? வரவும் செலவும் ஒரே நேரத்தில் 'இருப்பு'க்குள் நுழைகின்றன. ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறலாம், 600000 வருமென்ற உறுதி இல்லை.

'இருப்பு'க்கும் சேர்த்து ஸ்டாட்டிக் போட்டால் இன்னும் மோசம். மெயினிடம் இருப்பது தனக்கென்ற வேறொரு 'இருப்பு', அதை யாரும் தொடவில்லை, எப்போதும் 0 அச்சாகும். வரவும் செலவும் சமமாக வைத்துச் சோதித்திருந்தால் அந்த 0 சரியான விடையாகவே தோன்றியிருக்கும். அதனால் சோதனைக்கு 0 வராத எண்ணிக்கைகளையே எடுங்கள்.

சரியான வழி: ஹெடரில் இரண்டு மாறிகளுக்கும் முன்னால் 'எக்ஸ்டர்ன்', அதாவது 'இந்த மாறி வேறெங்கோ இருக்கிறது' என்ற அறிவிப்பு மட்டும். மெயின்.சியில் மட்டும் ஒரு தடவை முழு வரையறை, பூட்டுக்குப் பித்ரெட்_மியூடெக்ஸ்_இனிஷியலைசர் தொடக்க மதிப்புடன்.

மாற்றியது சரியா என்று பார்க்க, கொம்பைல் ஆன கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளை போதும். -சி கொடுத்துத் தனித்தனியாகக் கொம்பைல் செய்து, ஒவ்வொரு .ஓ கோப்பிலும் என்எம் ஓட்டினோம். மெயினில் 'பூட்டு'க்கு அருகே பெரிய எழுத்து பி, மற்ற இரண்டிலும் யு. பெரிய பி என்றால் 'இங்கேயே இருக்கிறது, மற்றக் கோப்புகளும் பார்க்கலாம்'. யு என்றால் 'வேறு எங்கோ இருக்கிறது, தேடித் தா'. மூன்றிலும் சிறிய எழுத்து பி இருந்தால் ஸ்டாட்டிக் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தியில் ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியும் அதற்குள் வகைப் பெயரும் தெரிந்தால், அது வேறு விஷயம்: ஏதோ ஒரு கோப்பு சி++ ஆகக் கொம்பைல் ஆகியிருக்கிறது.

கடைசியாக, த்ரெட்கள் பூட்டில்லாமல் ஒரே மாறியில் மோதுவதைப் பிடிக்கும் -எஃப்சானிட்டைஸ்=த்ரெட் -ஜி சேர்த்துக் கொம்பைல் செய்து ஒரு தடவை ஓட்டினோம். ஸ்டாட்டிக் இருந்த பதிப்பில் 'டேட்டா ரேஸ்' என்று வரி எண்ணோடு காட்டியது. எக்ஸ்டர்ன் பதிப்பில் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு கணினியிலும் ஒரே கட்டளை: ஜிசிசி -வால் -பித்ரெட் மெயின்.சி வரவு.சி செலவு.சி -ஓ கணக்கு. இரண்டிலும் 600000.

ஹெடரை மாற்றிய பிறகும் பழைய பிழையே வந்தால், பழைய .ஓ கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி கொம்பைல் செய்யுங்கள். மேக்ஃபைலில் கணக்கு.எச்சைச் சார்புப் பட்டியலில் சேர்க்காவிட்டால், ஹெடர் மாறியது மேக்குக்குத் தெரியாது.