எருக்குழியை விட்டுவிட்டு வந்தோம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பெடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த என் வயதினருக்குக் குப்பை வண்டி பின்னாளில் அறிமுகமான ஒன்று. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டின் பின்புறம் எருக்குழி இருந்தது. காய்கறித் தோலும் மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் அதில் விழுந்து, சில மாதங்களில் கத்தரிக்கும் வெண்டைக்கும் உரமாகின. மிச்சச் சோறு கோழிக்குப் போனது. பின்னர் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தபோது, வாசலில் ஒரு தொட்டியும் பின்புறம் சிமெண்டுத் தரையும்தான் கிடைத்தன.

2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் கெடாவில் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. குப்பையை வீட்டிலேயே பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயமாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களுக்கும் என்று ஏற்பாடு. இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாளும் பிளாஸ்டிக்கும் தகரமும் பிரிந்த பிறகும் எங்கள் தொட்டி கனக்கிறது. ஒரு வாரம் தனித்தனியே நிறுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேல் சமையலறைக் கழிவாகவே இருந்தது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதையுண்டு அழுகும் இந்த ஈரக்கழிவே மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது.

ஆகவே பழைய குழியை, துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் மீண்டும் தொடங்கினேன். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் ஆண்டுத் தொடக்க மாதங்களில் சருகைச் சாக்குகளில் சேர்த்துவைத்து, ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு என்று அடுக்குகிறேன். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டி, கிளறி, காற்றோட்டம் கொடுத்தால் அடங்கிவிடும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் கட்டியாகப் போடாமல் உதிர்த்துத் தூவ வேண்டும். மீன் முள்ளையும் எண்ணெய்க் குழம்பையும் நான் சேர்ப்பதில்லை, அவை எலியை அழைத்துவரும். இந்த நாட்டு வெயிலுக்கு மூன்று மாத அளவில் மண்வாசம் வீசும் உரம் கிடைத்துவிடுகிறது.

ஆனால் வேலைமுடிந்து இருட்டில் வீடு திரும்பும் தம்பதியரிடமும், மாடி வீட்டில் இருப்போரிடமும் பீப்பாய் வைக்கச் சொல்வது நியாயமாகாது. அவர்களுக்குத் தேவை சேவை. செம்பனை எண்ணெய் ஆலைகள் பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளைத் தோட்டத்திற்கே திருப்பி அனுப்பி மண்ணுக்கு மூடாக்காக இடுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அதைப்போல, வாராந்தரச் சுற்றில் ஈரக்கழிவுக்கென ஒரு தனித்தொட்டியும், ஊருக்குள்ளேயே ஒரு உரக்களமும் வேண்டும். அன்னதானத்து வாழையிலைகளும் வாடிய மாலைகளும் நிறையச் சேரும் கோவிலிலிருந்து இதைத் தொடங்கலாம்; அங்கே தனியே பிரிப்பது எளிது, உரமிடப் பூச்செடிகளும் உண்டு. குடியிருப்பாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையை எழுத்தில் கொடுக்கிறேன். ஒரு வாளி உரத்தையும் கூடவே எடுத்துச் செல்வேன்.