காலண்டர் தாளில் பச்சையம்

இன்று காலை ராகு காலம் பார்க்க முந்தின நாள் தாளைக் கிழித்த அப்பத்தா, "டேய் பேராண்டி, இலைக்குப் பச்சையம் எதுக்குடா?" என்று முகப்பிலிருந்து குரல் கொடுத்தது.

இன்றைய தாளின் ஓரத்தில் பென்சிலில் அந்தக் கேள்வி. எழுதியது என் மகன், போன வாரம்.

அதுவரை பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மொத்தப் பாடத்தையும் ஒரே மூச்சில் விழுங்குவான். மார்க் வரும். பத்து நாள் கழித்துக் கேட்டால் திருதிருவென முழிப்பான். (நான் பி.எஸ்சி. முடித்ததும் இப்படித்தான், இன்று ஒரு சமன்பாடு சொல்லத் தெரியாது.)

இப்போது படித்த அன்றே கேள்வியை நாளைய தாளில், அப்புறம் மூன்று நாள் தள்ளி, அப்புறம் ஒரு வாரம் தள்ளி எழுதி வைக்கிறான். கிழிக்கிற அப்பத்தா கேட்கும், புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி நாளைய தாளுக்கே போகும்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885-லேயே இதை எழுதிவிட்டார். தன்னையே சோதித்து, அர்த்தமில்லாத அசைகளை ஒரே நாளில் 68 தடவை உருப்போட்ட பலனை, 3 நாளாகப் பிரித்த 38 தடவையே தந்ததாகக் கண்டார்.

பையன் ஆத்தங்குடிக் கல்லில் கால் விரலால் பூவை வரைந்துகொண்டே ரொம்ப நேரம் யோசித்தான்.

"சூரிய வெளிச்சத்தைப் பிடிக்க."

சரியா தப்பா என்று அப்பத்தா என்னைப் பார்த்தது. தலையாட்டினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைத் தாளைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.