மாமனாரும் முப்பத்தேழு ரூபாய்த் தோட்டாவும்

என் மச்சினன் துப்பாக்கி செய்யக் கிளம்பியதற்குக் காரணம் வீரம் இல்லை, சிக்கனம். 2019இல் டெக்சாஸ் கடைகளில் முழுசாகக் கிடைக்கும் சாதாரண ஏஆர்-15 ரைபிள் ஒன்று ஏறக்குறைய 500 டாலர். “உதிரி உதிரியா வாங்கி நாமளே மாட்டினா நூறு டாலர் மிச்சம் அத்தான்” என்றான். அப்போது அவன் பிளேனோவில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தான். மிச்சம் பிடிப்பதில் அனுபவம் உள்ள பையன் என்பதால் நானும் நம்பினேன்.

அமெரிக்காவில் இது ஊரறிய நடக்கிற காரியம்தான். யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைத்த துப்பாக்கி இது. 1959இல் கோல்ட் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1977இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் பட்டறை வைத்திருப்பவரெல்லாம் பாகங்களைச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கம்பெனியின் குழல் இன்னொரு கம்பெனியின் உடம்பில் பெரும்பாலும் பொருந்தும். கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் இதில் துப்பாக்கி என்பது ஒரே ஒரு துண்டுதான்: லோயர் ரிசீவர் எனப்படும், வரிசை எண் பொறித்த அலுமினியத் துண்டு. அதற்கு மட்டும் உரிமம் உள்ள கடைக்குப் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்பிஐ நம் பின்னணியைச் சரிபார்த்துச் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் தபாலில் வாசலுக்கே வரும். என் மனைவி தீபாவளிக்கு வரவழைத்த முறுக்குக் குழல் என்று நினைத்து ஒருநாள் தம்பியின் பார்சலைப் பிரித்துவிட்டாள். பதினாறு அங்குல நீளத்தில் ஒரு குழல். “இதுல எப்படிடா மாவு அடைக்கிறது” என்று கேட்டுவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது.

மாட்டுகிற வேலையில் ஒரு குட்டி முள்ளும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் வரும். இந்த ரைபிளைக் கட்டிய எவரைக் கேட்டாலும் அந்த முள் பறந்துபோன கதை ஒன்றைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலிருந்து கிளம்பிப் பூஜை அலமாரிப் பக்கம் போனது. மூன்று பேரும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தோம். கிடைக்கவில்லை. இரண்டு டாலர் சாமானுக்கு ஏழு டாலர் தபால் செலவு கொடுத்து மறுபடி வரவழைத்தான். அடுத்த திருக்கார்த்திகைக்கு விளக்கு துலக்கும்போது பழைய முள் எண்ணெய்ப் பிசுக்கோடு குத்துவிளக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நூறு டாலர் மிச்சமா? குறிபார்க்கிற கண்ணாடி மட்டுமே ரைபிள் விலைக்கு வந்தது. அப்புறம் உறை, இரும்புப் பெட்டகம், காது மூடி. செலவுக்கு ஒரு எக்செல் ஃபைல் வைத்திருந்தான். தொகை 900ஐத் தாண்டியதும் அந்த ஃபைலைத் திறப்பதை நிறுத்திவிட்டான்.

சரி, துப்பாக்கி தயார். அப்புறம்தான் அதற்குத் தீனி போடுகிற பிரச்சினை வந்தது. அவன் கட்டி முடித்தபோது இந்த ரைபிளுக்குப் போடும் .223 தோட்டா ஒன்று 30 சென்ட் அளவில் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. ஒருபக்கம் கழிவறைக் காகிதம் தீர்ந்ததென்றால் மறுபக்கம் தோட்டா தீர்ந்தது. ஊரடங்கு, போராட்டங்கள், தேர்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் பயந்து துப்பாக்கி வாங்கினார்கள். எஃப்பிஐ சரிபார்ப்புகள் 2019இல் சுமார் 2.8 கோடி, 2020இல் கிட்டத்தட்ட 4 கோடி. புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் கூடவே ஒரு பெட்டி தோட்டாவையும் தேடினார்கள். போதாக்குறைக்கு, தோட்டாவுக்குப் பேர்போன ரெமிங்டன் நிறுவனம் அந்த ஜூலையில் திவால் மனு போட்டது. தோட்டாவுக்குள் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் தனியாகக் கிடைக்கவே இல்லை. குளிர்காலம் வந்தபோது அதே .223 ஒரு டாலரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சினன் ஞாயிறு காலைகளில் ரைபிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவான். சுடுவதற்குக் கட்டுப்படியாகவில்லை.

2022 மே மாதம் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றது இதே வகை ரைபிள்தான். எங்கள் மாநிலம். அன்றிரவு என் மனைவி தம்பியைக் கூப்பிட்டு, “இதை எதுக்குல வச்சிருக்க?” என்று கேட்டாள். அவனிடம் பதில் இல்லை. அதற்குள் அவன் தனியாக வீடு பார்த்துப் போயிருந்தான். அந்தச் சாமான் எங்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அவள் சொன்னது இன்றுவரை அமலில் இருக்கிறது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்த நிலையில்தான் 2023இல் என் மாமனார் பாளையங்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். கருவூலத் துறையில் ஓய்வு பெற்றவர். சுத்த சைவம், கேக்கில் முட்டை உண்டா என்று கேட்காமல் வாயில் வைக்க மாட்டார். மகன் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் திட்டுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “காலேஜ்ல என்.சி.சி.யில பாயிண்ட் டூ டூ சுட்டிருக்கேன்ல. ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. சுட்டு முடிச்சதும் அஞ்சு காலித் தோட்டாக் கூட்டையும் எண்ணி ஹவில்தார் கையில ஒப்படைக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மைதானம் பூரா தேட விடுவாரு.” சரி, ஒருநாள் சுடப் போகலாம் என்று முடிவாயிற்று.

அதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. சுற்றுலா விசாவில் வந்தவர் பொதுவாகத் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் வேட்டை உரிமம் இருந்தால் வைத்திருக்கலாம். ஆக, முட்டை கூடச் சாப்பிடாத மனிதருக்கு டெக்சாஸில் வேட்டையாட உரிமம் எடுத்தோம். வெளியூர்க்காரர்களுக்கான ஐந்து நாள் உரிமம், 48 டாலர். 1971 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாடமும் தேவையில்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னதும், மூத்த குடிமக்களுக்கு மரியாதை தெரிந்த மாநிலம் என்று பாராட்டினார். “இதில் மான் சுட முடியாது சார், பரவாயில்லையா? எதைச் சுடப் போகிறீர்கள்?” என்று அந்தப் பெண் அக்கறையாகக் கேட்டாள். “நான் சைவம்” என்றார் மாமனார். அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரசீதைக் கொடுத்தாள்.

துப்பாக்கி சுடும் இடம் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. வெயில் சொல்லி மாளாது. மச்சினன் அவரை மேசையில் உட்காரவைத்து, காது மூடி மாட்டி, எல்லா விதிகளையும் சொன்னான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ரவுண்டு என்ன விலை?”

“நாப்பத்தஞ்சு சென்ட்தாம்பா. இப்ப இறங்கியிருக்கு.”

மாமனார் கண்ணை மூடினார். அப்போது டாலர் 82 ரூபாய். “முப்பத்தேழு ரூபா” என்றார். பக்கத்து மேசையில் ஒரு இளைஞன் முப்பது தோட்டா உள்ள மேகசினை அரை நிமிடத்தில் காலி செய்தான். மாமனார் அதையும் கணக்குப் போட்டார். “ஆயிரத்தி நூறு ரூபா. என்னத்தைல சுட்டான்? ஒரு அட்டையை.”

அவர் சுட்டது என்.சி.சி. முறைப்படி ஐந்தே ஐந்து. மூச்சை இழுத்துப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கூட்டல் பெருக்கல் செய்யப் போதுமான இடைவெளி விட்டு. அட்டையில் நாலு விழுந்திருந்தது. ஐந்தாவதற்கான 37 ரூபாய் எங்கே போனது என்று தொலைநோக்கியில் ரொம்ப நேரம் தேடினார்.

பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். எழுந்த மனிதர் குனிந்து பித்தளைக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். தன் ஐந்தைப் பொறுக்கினார். மகனுடையதைப் பொறுக்கினார். இளைஞன் விட்டுப்போன குவியலுக்கு நகர்ந்தார். ஒரு கூடு உருண்டு சுடுகிற இடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போக, இவரும் பின்னாலேயே கால் வைக்கப் போக, ஒலிபெருக்கியில் ஓர் அதட்டல் வந்தது. சுட்டுக்கொண்டிருக்கும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் கூட நீளக்கூடாது. அங்கே விழுந்தது மைதானத்துக்குச் சொந்தம். மாமனார் நிமிர்ந்து நின்று, “யெஸ் சார்” என்றார். சல்யூட் அடிப்பாரோ என்று பயந்தேன்.

அவருக்குத் துணை கிடைத்துவிட்டது. கடைசி மேசையில் தொப்பி வைத்த ஒரு டெக்சாஸ் பெரியவர், ஏறக்குறைய இவர் வயதுதான், அவரும் ஒரு வாளியோடு கூடு பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அரை மணி நேரம் குனிந்தபடியே பேசினார்கள். பெரியவர் தன் சட்டைப்பையிலிருந்த காந்தத்தைக் கொடுத்து, ஒட்டினால் இரும்பு, தூக்கிப் போடு, ஒட்டாததுதான் பித்தளை என்று சொல்லிக்கொடுத்தார். இரும்புக் கூடு பெரும்பாலும் ரஷ்யத் தோட்டா; மலிவு. 2021இல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது என்று அமெரிக்க அரசு அறிவித்ததும் அந்த மலிவும் போயிற்று. 2013இல் .22 தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்றதையும், அதற்குப் பிறகு விலை இறங்கும்போதெல்லாம் வாங்கி அடுக்குவதையும் பெரியவர் சொன்னார். “மாசியில புளி வாங்கி வருஷத்துக்கும் பானையில அடைக்கிற மாதிரி. விவரமான மனுஷன்” என்று வீடு திரும்பும் வழியில் மாமனார் சான்றிதழ் கொடுத்தார்.

தோட்டா விலைக்குள் 11 சதவீத வரி இருப்பதும், 1937இல் வந்த சட்டப்படி அந்தப் பணம் பெரும்பாலும் காட்டு விலங்குகளின் பாதுகாப்புக்கே போவதும் தெரிந்ததும் அவருக்கு அமெரிக்க அரசின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. வசூலித்த நோக்கத்துக்கே செலவாகும் வரியைத் தன் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லையாம்.

உரிமம் செல்லும் ஐந்து நாளையும் அவர் வீணாக்கவில்லை. தினமும் மகனைக் கிளப்பிக்கொண்டு போனார், சுட இல்லை, பொறுக்க. இதற்குள் மச்சினனுக்கு ஆசை பிறந்துவிட்டது: “அப்பா, கூடு சும்மா கிடைக்குது. பிரைமரும் மருந்தும் குண்டும் வாங்கி நாமளே தோட்டா அடைச்சா பாதி விலைதான்.” மாமனார் டைரியை எடுத்தார். அடைக்கிற கருவி, தராசு, அச்சு எல்லாம் சேர்த்துப் போட்டார். மூன்று சென்ட்டாக இருந்த பிரைமர் இப்போது பத்தைத் தொட்டதையும் சேர்த்தார். வருஷத்துக்கு எத்தனை சுடுவாய் என்று கேட்டு வகுத்தார். “போட்ட முதல் திரும்பப் பதினோரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உனக்குப் பொண்ணு கொடுப்பாங்களான்னும் சேர்த்து யோசி” என்று டைரியை மூடினார்.

ஊருக்குத் திரும்பும் முன் பெட்டி கட்டும்போது 23 கிலோவுக்கு மேல் தராசு காட்டியது. பாதாமும் வைட்டமின் மாத்திரையும் இவ்வளவு கனக்காதே என்று என் மனைவி பெட்டியைக் கொட்டினாள். வேட்டிக்குள் சுற்றி, நான்கு ஜிப்லாக் பைகளில், பளபளவென்று துடைத்த பித்தளைக் கூடுகள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

“அப்பா! சென்னையில பிடிச்சு உள்ள வைப்பாங்க!”

“காலிக் கூடுதானம்மா.”

பையில் எப்போதோ கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் வழக்கில் மாட்டி, எனக்குத் தெரியாமல் கிடந்தது என்று உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. இங்கேயும் கூட்டாட்சிச் சட்டத்தில் தோட்டா என்றால் கூடும் அதில் சேர்த்திதான். “உங்க லைசென்ஸ் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சுப்பா” என்று மச்சினன் சொன்னபோது மாமனார் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. புதுப்பிக்க இன்னொரு 48 டாலர் ஆகும் என்ற கவலை.

கடைசியில் எல்லாவற்றையும் மகனே எடுத்துக்கொள்வது என்று ஆயிற்று. சும்மா இல்லை. பழைய பித்தளை பவுண்டுக்கு இரண்டு டாலர், மொத்தம் பன்னிரண்டு தருகிறேன் என்றான் மகன். இது மறுபடி தோட்டாவாகிற சாமான், ஒன்று எட்டு சென்ட்டுக்குப் போகிறது என்று டெக்சாஸ் பெரியவர் சொன்னார் என்றார் அப்பா. இருபதில் முடிந்தது. மாமனார் ரொக்கமாக வாங்கி எண்ணிப் பார்த்து, டைரியில் வரவு வைத்தார்.

அன்று மாலையே காஸ்ட்கோவுக்குப் போய் அந்தப் பணத்தில் இரண்டு பெட்டி மெட்ஜூல் பேரீச்சம்பழம் வாங்கிப் பெட்டியில் காலியான இடத்தில் வைத்தார். மாமியார் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பித்தளையைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கவா ஒண்ணேகால் லட்சம் டிக்கெட் போட்டுப் போனீங்க? நம்ம தெருவுக்கே வண்டி வருதே” என்றார்.