காலைக் கூட்டத்தின் முதல் கேள்வி

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன், பெயர் வேண்டாம். வரவேற்பறைச் சுவரில் சுற்றுச்சூழல் கொள்கையை மூன்று மொழியிலும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பொழுதுபட்டால் பின்வளவில் பிளாஸ்டிக் போத்தல்களைக் குவித்து எரிப்போம். எதிரே புறாத்தீவு, 2003இல் தேசிய பூங்காவாக அறிவித்த இடம், அந்தப் பவளப்பாறையைப் பார்க்கத்தான் விருந்தினர்களே வருகிறார்கள். மாரி தொடங்கினால் போத்தல் மூடிகளைக் கடல் மணலில் கொண்டுவந்து கொட்டும், காலையில் கூட்டி அள்ளுவதும் நாங்கள்தான்.

பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். காலைக் கூட்டத்தில் எத்தனை அறை நிரம்பியது என்று கேட்கும் முன்பே, "நேற்று எத்தனை போத்தல் முடிந்தது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. மறுநாளும் அதே கேள்வி. மூன்றாம் நாள் நானே எண்ணி எழுதிக்கொண்டு போனேன், கேட்பார் என்று தெரியுமே. எண்ணத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு எரிக்கிறோம் என்பதே எங்களுக்கு உறைத்தது. இரண்டு மாதத்தில் வடிகட்டும் மெஷின் வந்தது, அறைகளில் கண்ணாடிப் போத்தல் வந்தது. தண்ணீர்ப் போத்தல் வியாபாரி பெட்டிக்கு விலை குறைப்பதாக வந்து நின்றபோது, "விலை இல்லை தம்பி பிரச்சினை, வெறும் போத்தலைத் திருப்பி எடுப்பீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். வியாபாரி பதில் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த வருடம் அந்த மேனேஜர் சேருக்கு மாற்றம். சீசன் முடிவதற்குள் பிளாஸ்டிக் போத்தல் பெட்டிகள் திரும்ப வந்துவிட்டன. எனக்கு அது பெரிய வேதனை.

அமெரிக்காவில் ரே ஆண்டர்சன் 1973இல் தொடங்கிய இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்புக் கம்பெனியை அடிக்கடி நினைப்பேன். பெட்ரோலியத்தையே நம்பிய தொழில் அது. 1994இல், அறுபதாவது வயதில், இப்படியே தொழில் செய்வது சரியில்லை என்று மனம் மாறி, சூழலுக்குச் செய்யும் கேட்டை 2020க்குள் இல்லாமலாக்குவது என்பதைக் கம்பெனியின் இலக்காகவே வைத்தார். 2011இல் அவர் இறந்துபோனார், வேலை நிற்கவில்லை. இலக்கை எட்டிவிட்டதாக 2019இல் கம்பெனி அறிவித்தது. எங்கள் சேர் நல்ல மனிதர், ஆனால் அந்தக் கேள்வியை யாருடைய வேலையிலும் எழுதிவைக்காமல் போனார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் அவர் மாட்டிய கரும்பலகை இன்னும் இருக்கிறது. அறை துப்புரவு செய்யும் அக்கா ஒருவர், யாரும் கேட்காமலே, அன்றைய கணக்கைச் சோக்கால் எழுதிவைத்திருந்தார்: 64.