சாகாவுக்குச் சாகா சேராதாம்

பினாங்குப் பாலத்தைத் திறந்ததும் 1985, புரோட்டோன் சாகா கார் வெளிவந்ததும் 1985. இதை எங்கள் மாமா யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது. அவருடைய காடியும் அந்தக் காலத்துச் சாகாதான். ஏர்கான் மட்டும் மனசு வைத்தால் வேலை செய்யும்.

அண்மையில் அவர் மகன் புதுச் சாகா எடுத்தான். எடுத்த கையோடு கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு வேறு ரிம் போட்டுக்கொண்டான். கழற்றிய நாலும் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் பளபளவென்று கிடந்தன. மாமாவின் கண் அங்கேயே போய் நின்றுவிட்டது.

"அதுவும் சாகா, இதுவும் சாகா. அதுக்கும் நாலு நட்டு, இதுக்கும் நாலு நட்டு. அப்புறம் என்ன?"

சேராது என்று மகன் முன்பே சொல்லிவிட்டான். கொடுக்க மனசில்லாமல் சொல்கிறான் என்பது மாமாவின் தீர்ப்பு. அதனால் அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, புது ரிம்மைத் தூக்கி ஹப்பில் வைத்தோம். ஒரு போல்ட் அழகாக உள்ளே போனது. எதிர்ப்பக்கத்துப் போல்ட் ஓட்டைக்கு வெளியே அலுமினியத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மாமா ரிம்மைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்துடா" என்றார். அழுத்தினால் போகிற சமாச்சாரமா அது?

அத்தை தையல் டேப்பை நீட்டினார். நாலு போல்ட் காடியில் அளப்பது சுலபம்: ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து நேர் எதிர்ப் போல்ட்டின் நடுவரைக்கும். ஐந்து போல்ட் என்றால் நேர் எதிரே ஆளே இருக்காது, அது தனிக் கூத்து. மாமா காடியில் நாலரை அங்குலம், அதாவது 114.3 மில்லிமீட்டர். புது ரிம்மில் 100தான். பழைய சாகா மித்சுபிஷி லான்சர் ஃபியோரேயைப் பார்த்துச் செய்தது, அந்த அளவும் அங்கிருந்து வந்தது. புதுச் சாகாவுக்கு அந்த உறவெல்லாம் இல்லை. ஓட்டைக் கணக்கில் பார்த்தால் அதற்குப் பக்கத்து வீட்டு மைவி காடிதான் சொந்தம்.

"14 மில்லிதானே? அரத்தை வச்சு ராவிட்டா?"

டயர் கடை முதலாளியான தவுக்கே இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தக் போலே லா, முடியாது அண்ணே. நட்டு உட்கார இடம் இருக்காது. அறுந்துச்சுன்னா டயர் உங்களுக்கு முன்னாடி பாலத்தைத் தாண்டிரும்." ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் அடாப்டர் போடலாம்தான், ஆனால் அதன் கனத்துக்குச் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு ஃபெண்டரில் உரசும் என்றார். கடைசியில் உள்ளே போய் ஒரு செட் பழைய 13 அங்குல ரிம்மை உருட்டி வந்தார். ஒவ்வொன்றிலும் எட்டு ஓட்டை: நாலு 100க்கு, நாலு 114.3க்கு. இரண்டு வகைக் காடிக்கும் விற்கலாம் என்று செய்தது. மாமா சாகாவில் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது.

பேரம் பேசி வெள்ளியை எண்ணிக் கொடுத்த பிறகுதான் மாமா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ஓட்டை எட்டு. நட்டு நாலுதான் இருக்கு. மிச்சம் எங்கே?"

தவுக்கே விளக்கினார். நான் விளக்கினேன். டயர் மாற்ற வந்து காத்திருந்த ஒரு மலாய்க்கார அக்காகூட விளக்கினார். நாலு சக்கரத்துக்கும் பதினாறு நட்டு பாக்கி என்பதிலிருந்து மாமா இறங்கவே இல்லை. தவுக்கே பொறுமை இழந்து, டிராயரில் கிடந்த துருப்பிடித்த நட்டுகளை ஒரு கை அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்.

காடி ஆயர் ஈத்தாம் சாலையில் திரும்பும்போது மாமா பையை மடியில் கொட்டி எண்ணிக்கொண்டு வந்தார்.

"பதினஞ்சுதான்டா இருக்கு. காடியைத் திருப்பு."