யானைமலையின் முன் ஓர் ஆள்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைக் கடக்கும்போதெல்லாம் யானைமலையைப் படம் எடுப்பேன். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்தப் பாறை, என் படங்களில் மட்டும் மண்மேடாகச் சுருங்கிவிடும். அகலக் கோண லென்ஸுடன் மலைக்கு அருகே போய் நின்றும் பார்த்தேன். அதன் பெருமை படத்தில் இறங்கவில்லை. மலையை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதும், அதன் முன் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

சென்ற மாசியில், அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்கென ஆட்டுக் கிடை போடுவதற்காக இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்திருந்த, ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரி ஒருவரைக் காலையில் சந்தித்தேன். முதலில் ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று 24 மி.மீ. அகலக் கோண லென்ஸில் எடுத்தபோது, சட்டகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை அவரே நிறைத்தார்; மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த மலை அவருடைய தலைப்பாகை உயரத்துக்குத்தான் தெரிந்தது. பிறகு அவரிடம் சொல்லிவிட்டு, வரப்பு வழியே 200 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கி, 200 மி.மீ. நீள லென்ஸில் எடுத்தேன். இப்போது அவர் சட்டகத்தின் உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு. மலையோ முன்னைக்காட்டிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு பெரிதாகி, அவருக்குப் பின்னால் எழுந்து நின்றது. மலையை லென்ஸ் அருகே இழுத்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் நான் பின்வாங்கியதால் அவருக்கும் எனக்கும் இடையிலான தூரம் நாற்பது மடங்கானது. மலைக்கும் எனக்கும் இடையிலான தூரம் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் கூடியது. அளவுப் பொருத்தம் மாறியது இதனால்தான். நீள லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தது, அவ்வளவே.

இவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கும்போது முகம் தெரியாது. ஆளின் உருவரைதான் பேச வேண்டும். அவர் தோளில் சாய்த்திருந்த தொரட்டி, மயிரிழை போன்ற ஒரு கோடாகவே பதிந்தது. ஆனால் அந்தக் கோடும் அதன் நுனியிலிருந்த சிறு வளைவும் இல்லாவிட்டால் அவர் வழிப்போக்கராகிவிடுவார். ஆகவே தொரட்டிக்கும் தலைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் கணத்துக்கும், நடையில் கால்கள் இரண்டும் அகலும் கணத்துக்கும் காத்திருந்து எடுத்தேன். ட்ரைபாட், எஃப்/8 துளை போன்றவை எளிதில் பழகிவிடும். வெயில் ஏறிய பிறகு வயலிலிருந்து எழும் கானலுக்கு மட்டும் மாற்று இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் மலையின் விளிம்பு நெளியும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப் மதுரையைப் படமெடுத்தபோது, காகித நெகட்டிவுக்கு நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டியிருந்தது. நடந்து போகிறவர் அதில் பதிய வழியில்லை. நடக்கும் ஆளை இன்று ஐந்நூறில் ஒரு நொடியில் பிடித்துவிட முடிகிறது. அப்படியிருந்தும் முகத்தருகே போய் நிற்பதையே பெரும்பாலும் பழகியிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமே. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்துப் பாட்டைத் தொடங்கிய மரபு நம்முடையது. அந்த வரிசையில் பார்த்தால், கீதாரியின் வாழ்க்கையைச் சொல்ல அவருடைய முகச்சுருக்கங்களைவிட, அவர் நடந்து தீர்க்க வேண்டிய வெளியே முதலில் வேண்டும்.

நான் திரும்பி வந்ததும், "அங்கிட்டுப் போயி எடுத்தா நான் எப்பிடிப்பா தெரிவேன்?" என்று கேட்டார். "மலையும் நீங்களும் சேந்து வரணும்ணே" என்று கேமராத் திரையைக் காட்டினேன். அவர் தம்மைத் தேடவில்லை. விரலை நகர்த்தி ஆடுகளைப் பார்த்துக்கொண்டே போனார். மந்தையிலிருந்து வெகுதூரம் தள்ளி, சட்டகத்தின் இடது ஓரத்தில் ஒரு வெளிர்ந்த புள்ளி இருந்தது. கல் என்று நினைத்து, வீட்டுக்குப் போனதும் வெட்டிவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்த புள்ளி அது.

"இது செனையாடுப்பா. படுத்துக்கிருச்சு போல" என்று சொல்லிவிட்டு, தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே வேகமாக நடந்தார்.